இடிக்கு இடி கெட்டிமேளம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. கணக்கு உதைக்கிறதே என்று யாரும் விரலை மடக்க வேண்டாம். நான் கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தபோது மாமியார் போய் வருஷம் திரும்பியிருந்தது. வீட்டுக்காரரின் தம்பிகள் இரண்டு பேர், தங்கை ஒருத்தி, மூன்றும் அடுப்பங்கரை வாசலில் வரிசையாக நின்று என் முகத்தைப் பார்த்தன. எனக்கே அப்போது பதினேழு. சோறு வடித்துப் போட்டுவிட்டு உட்காரலாம் என்று நினைத்தேன். இன்னும் சரியாக உட்காரவில்லை.

இத்தனை பேருக்கு வடித்துக் கொட்டியவளுக்கு ஒரு நல்ல பெயர் இருக்க வேண்டுமா இல்லையா? இருக்கிறது. கெட்டிமேளம். கெட்டிமேளம் அண்ணி, கெட்டிமேளம் அத்தை, இப்போது கெட்டிமேளம் ஆயா. தனபாக்கியம் என்று என் அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கதைக்கு இப்போது கையும் காலும் முளைத்துவிட்டது. போன மாதம் ஒரு வளைகாப்பில் ஒரு பொடிசு எழுந்து சொல்கிறது, நான் தவுலைப் பிடுங்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடித்தேனாம். (தவுலை இவன் தூக்கிப் பார்த்திருக்கிறானா?) கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. நடந்தது நடந்தபடி ஒரு தடவை இருக்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்பு. பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆகவே சொல்வது நான், எழுதுவது என் பேத்தி அபி. அச்சில் வருகிற மாதிரி மரியாதையான தமிழில் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

நாத்தனார் பெயர் வசந்தா. நான் வந்தபோது ஒன்பது வயது. நல்ல பெண். சொன்ன வேலையைச் செய்வாள், சொல்லாத வேலையையும் செய்வாள். ஒரே ஒரு குறை. பச்சை அரிசி தின்பாள். முறத்தைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொன்னால், கல் ஒரு பக்கம் போகும், அரிசி ஒரு பக்கம் போகும், அந்தப் பக்கம் அவள் வாய். உலையில் போடப் படி அளந்தால் ஒரு பிடி குறையும். அந்தக் காலத்து ரேஷன் அரிசி எப்படி நாறும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வெந்த பிறகே தொண்டையில் இறங்காது. அதை அவள் முந்திரிப் பருப்பு மாதிரி தின்பாள். ஒரு தடவை அரிசியில் வேப்பெண்ணெய் பிசறி வைத்தேன். அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் கசப்புச் சோறு தின்றதுதான் மிச்சம். அவள் அதையும் ஒரு பிடி எடுத்திருந்தாள்.

அரிசி தின்கிற பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை பெய்யும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெண் வீட்டார் மறைத்தாலும் வானம் காட்டிக்கொடுத்துவிடும். மணமேடையில் ஒரு தூறல் விழுந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள். அரிசி தின்னி என்றால் சோகை, வயிற்றில் பூச்சி, கை நீளம், வளர்த்தவள் சரியில்லை, எல்லாம் அந்த ஒரு சிரிப்பில் வந்துவிடும். கடைசிச் சொல் என்னைத் தொடுகிற சொல். தாயில்லாப் பெண்ணை அண்ணி சரியாக வளர்க்கவில்லை என்று ஒருத்தி வாய் திறந்து சொல்ல நான் விட்டதில்லை.

எழுபத்திரண்டோ, எழுபத்து மூன்றோ. ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ஏகாம்பரம், கிண்டி தொழிற்பேட்டையில் லேத்து வேலை. அப்பா இல்லை, அம்மா வைத்ததுதான் சட்டம். அந்த அம்மா வந்து பாயில் உட்கார்ந்தார். பெண்ணைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. கையை வாங்கி நகத்தைத் திருப்பிப் பார்த்தார். நகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு அரிசி திங்குமா?"

இதற்கு முன்னால் வந்த ஒரு வரன் இந்தப் பேச்சிலேயே போய்விட்டது. இதுவும் போனால் வசந்தாவுக்கு இருபதும் தாண்டிவிடும். உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'இல்லீங்க' என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். நான் எங்கே நிறுத்தினேன்?

"எங்க ஊட்ல அரிசிய தொட்டா கழுவி ஒலைல போடத்தாங்க தொடுவோம். நான் வளத்த பொண்ணு. அவ கல்யாணத்துல ஒரு சொட்டு மழ வந்தா எம் பேர மாத்தி வையுங்க."

அந்த அம்மா சரி என்று தலையை ஆட்டி, காபியைக் குடித்தார். கதவுக்குப் பின்னால் வசந்தா எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

முகூர்த்தம் ஆவணியில் விழுந்தது. ஆடி கழிந்ததும் ஊரில் இருக்கிற அத்தனை கல்யாணமும் முட்டிக்கொண்டு வருமே, அந்த ஆவணி. சென்னையில் ஆவணி எப்படி இருக்கும் என்றால், பகலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும், சாயங்காலம் மேற்கே கிண்டிப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், சில நாள் கொட்டும், சில நாள் வெறுமனே உறுமிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். எங்கே கொட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. தி. நகரில் முழங்கால் தண்ணீர் நிற்கும், மயிலாப்பூரில் கோலம் கலையாது.

எங்கள் வீட்டுக்காரருக்கு ரேடியோ ரிப்பேர் வேலை. கச்சேரி ரோட்டில் பெட்டி மாதிரி ஒரு கடை. வீட்டிலும் எந்நேரமும் குடல் வெளியே தொங்க ஒரு ரேடியோ கத்திக்கொண்டிருக்கும். அவருக்கு ரேடியோ சொன்னால் வேதம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆரம்பித்தார். வட தமிழகத்தின் கடலோரத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று தினம் இரண்டு வேளை அவரே வாசிப்பவர் மாதிரி ஒப்பித்தார். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம் பேசியிருந்தோம். அதற்குத் தகரக் கூரை, கூரையில் ஓட்டை. பேசாமல் ஆழ்வார்பேட்டையில் மாடிக் கட்டடம் ஒன்று காலியாக இருக்கிறது, மாற்றிவிடலாம் என்றார்.

"ஓரிரு எடம்னா எந்த எடம்? அட்ரஸ் சொல்லுதா உங்க ரேடியோ?" என்று கேட்டேன்.

"பெய்யக்கூடும்னு சொல்றான் தனம்."

"நாளைக்கு நான் கூடத்தான் ராணி ஆகக்கூடும்."

எனக்கென்று ஒரு வானிலை இருந்தது. தும்பி தாழப் பறந்தால் மழை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் மழை. நான் ஒரு வாரமும் கொல்லையில் நின்று பார்த்தேன். தும்பி ஒன்றுகூட இல்லை. எறும்பெல்லாம் கல்யாணச் சர்க்கரை மூட்டையில் குடியிருந்தது, மேடு ஏற அதற்கு என்ன தலையெழுத்து? மழை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இடம் மாற்றினால் மழைக்குப் பயந்த மாதிரி ஆகிவிடும், மழைக்குப் பயந்தால் பெண் அரிசி தின்றாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. தகரச் சத்திரம்தான் என்றேன். அவர் ரேடியோவின் குடலுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

கல்யாணம் வியாழக்கிழமை. வியாழன் காலை ஆறிலிருந்து ஏழரை எமகண்டம். ஏழரை தாண்டி முகூர்த்தம். ஐயர் ஆறு மணிக்கு முன்னாலேயே ஹோமத்தை மூட்டிவிடுவார், மற்ற சடங்கெல்லாம் நடக்கும், தாலி மட்டும் ஏழரைக்கு மேல். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள் சாயங்காலமே வேன் வைத்து வந்து சத்திரத்தின் உள் அறைகளில் தங்கியிருந்தார்கள். அன்றைக்கு வானத்தில் நட்சத்திரம் இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். அவர் பார்க்கவில்லை.

விடியும் நேரத்தில் பெய்தது.

முதல் சொட்டு தகரத்தில் விழுந்தபோது நான் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அண்ணி என்றாள் வசந்தா. பேசாதே என்றேன். அப்புறம் மொத்தமாகக் கொட்டியது. தகரத்தில் மழை விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். நூறு பேர் சேர்ந்து முறம் தட்டுகிற மாதிரி. எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, கால் வீங்கிக் கொலுசு இறுகியிருந்தது, மூளை இருந்த இடத்தில் சாம்பார்ப் பொடி இருந்தது. அந்த மூளையில் ஒரே ஒரு யோசனைதான் உதித்தது. மழையை மறைத்துவிட வேண்டும்.

சிரிக்க வேண்டாம். அப்போது அது முடிகிற காரியமாகத்தான் பட்டது.

ஜன்னலை எல்லாம் சாத்தினேன், குளத்துக் கொசு என்று சொல்லி. சாத்தாத ஜன்னலுக்கு ஜமக்காளத்தை மாட்டினேன். பெரிய கொழுந்தனைச் சத்திரத்து வாசலில் நிறுத்தி, வருகிறவர்கள் குடையை எல்லாம் வாங்கி ஸ்டோர் ரூமில் அண்டாவுக்குப் பின்னால் போடு, தலையைத் துவட்டிவிட்டு அனுப்பு, மழை என்கிற சொல் யார் வாயிலும் வரக்கூடாது என்று சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இருந்தாலும் என் கையால் சோறு தின்றவன், செய்தான்.

மாப்பிள்ளையின் அம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். புதுப் புடவை, கையில் விசிறி. அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"இன்னா சத்தம் சம்மந்தி?"

"அப்பளம் பொரிக்கிறாங்க."

"காலங்காத்தாலயா?"

"நெறைய பேருக்கு பொரிக்கணும் இல்லீங்களா. இப்பவே எண்ணெ வெச்சாத்தான்."

அவர் மறுபடியும் கூரையைப் பார்த்தார். "தலைக்கு மேலயா பொரிக்கிறாங்க?" என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போய் முதல் வரிசையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். அதற்குள் அவர்களுடைய உறவுக்காரர் ஒருவர் தி. நகரிலிருந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது, மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்ன இப்படி என்று அந்த அம்மா கேட்க, அவர் வாயைத் திறக்க, நான் நடுவில் விழுந்து, வாசலில் பன்னீர் தெளித்தார்கள், பையன் கொஞ்சம் தாராளமாகத் தெளித்துவிட்டான் என்றேன். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் தன் சட்டையை மோந்து பார்த்தார்.

சத்தத்துக்கு அப்பளம் இருந்தது, ஈரத்துக்குப் பன்னீர் இருந்தது. இடிக்குத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.

முதல் இடி இடித்தபோது சத்திரத்தின் தூண் அதிர்ந்தது. பக்கத்தில் லாரியில் ஜல்லி கொட்டுகிறார்கள் என்று பொதுவாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஆனால் எத்தனை லாரி ஜல்லி கொட்டும்? அப்போதுதான் மேளக்காரர்கள் கண்ணில் பட்டார்கள். கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறோம்? தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது தும்மினால், குழந்தை அழுதால், அந்த அபசகுனச் சத்தம் காதில் விழாமல் அமுக்கத்தானே? தவுல்காரப் பெரியவரிடம் போய்க் குனிந்து, ஒவ்வொரு இடிக்கும் கெட்டிமேளம் தட்ட வேண்டும் என்றேன்.

அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி, நல்ல வித்வான், குளத்தங்கரையில் அவருக்குத் தனி மரியாதை.

"தாலிக்குத்தாம்மா கெட்டிமேளம். இடிக்கெல்லாம் தட்டறது இல்ல."

"தும்மலுக்கு தட்டறீங்க இல்ல?"

"தும்மல் மனுசன் போடறதும்மா. இது மேல இருக்கறவரு போடறது. அவரோட நான் எப்பிடி போட்டி போடறது?"

என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, குச்சியை எடுத்துக்கொண்டார். இடிக்கு முன்னால் மின்னல் வரும், நான் வாசல் பக்கம் நின்று மின்னலைப் பார்த்ததும் முந்தானையை உயர்த்துவேன், உடனே தட்டுங்கள் என்று ஏற்பாடு. (அந்தப் பொடிசு சொன்ன தவுல் கதை இங்கேதான் கிளம்பியிருக்க வேண்டும். நான் தூக்கியது முந்தானை மட்டும்.)

மின்னல் வெட்டியது. முந்தானை போனது. கெட்டிமேளம் வந்தது. சத்திரமே கிடுகிடுத்தது. மேளம் எது, இடி எது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி, ஒரு மூச்சு விட்டேன். இன்னொன்று நடக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. கெட்டிமேளம் கேட்டால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்ன செய்வார்கள்? எழுந்து அட்சதை போடுவார்கள். போட்டார்கள். தாலி கட்டியாயிற்று என்று மொத்த சத்திரமும் எழுந்து, மஞ்சள் அரிசியை வாரிப் பெண் மாப்பிள்ளை மேல் போட்டுவிட்டு, இரண்டு பேர் சாப்பாட்டுப் பந்திக்கும் போய்விட்டார்கள். ஐயர் எழுந்து, இன்னும் இல்லை, உட்காருங்கள், உட்காருங்கள் என்று கையை ஆட்டினார்.

அடுத்த மின்னல். அடுத்த முந்தானை. மறுபடியும் எழுந்தார்கள், மறுபடியும் போட்டார்கள். பழக்கம் அப்படி. கெட்டிமேளம் கேட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க நம் ஊர்க்காரர்களுக்கு உடம்பு வராது. அதற்கடுத்த இடிக்கு எழுந்து எழுந்து முட்டி வலிக்கிறது என்று ஒரு கிழவர் உட்கார்ந்தபடியே வீசினார். தட்டில் அட்சதை தீர்ந்துகொண்டே வந்தது, மணமேடையில் ஏறிக்கொண்டே வந்தது. வசந்தாவின் மடி நிறைய அரிசி. அரிசி தின்கிற பெண்ணை நடுவில் உட்காரவைத்து அவள் மேல் நானே அரிசி மழை பெய்யவைத்துக்கொண்டிருந்தேன். என் கண் மின்னலில் இருந்ததால் அதை நான் பார்க்கவில்லை.

தாலியைத் தேங்காய்த் தட்டில் வைத்துப் பெரியவர்கள் ஆசீர்வாதத்துக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் எழுந்து உட்கார்ந்த களைப்பு, சட்டுபுட்டென்று தொட்டுக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். தட்டு சீக்கிரம் திரும்பி வந்தது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, பிடித்துக்கொண்டு இரு, நேரம் வந்ததும் சொல்கிறேன் என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு மின்னல், சத்திரத்துக்குள்ளேயே விழுந்த மாதிரி. என் கை என்னைக் கேட்காமலே மேலே போய்விட்டது.

மாப்பிள்ளை ஏகாம்பரம் லேத்தில் வேலை செய்கிறவர். சங்கு ஊதினால் மிஷினை நிறுத்த வேண்டும், சங்கு ஊதினால் ஓட்ட வேண்டும் என்று பழகிய கை. கெட்டிமேளம் முழங்கியதும் எழுந்து, குனிந்து, தாலியை வசந்தா கழுத்தில் கொண்டுபோய்விட்டார். ஐயர் ஐயையோ என்றார். ஏழரைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எமகண்டம்.

மேளம் நின்றது. கழுத்துக்குப் போன தாலியைத் திரும்ப எடுக்கலாமா? கூடாது. எமகண்டத்தில் முடிச்சுப் போடலாமா? அதைவிடக் கூடாது. தாயில்லாப் பெண்ணை எமன் நேரத்தில் கட்டிக்கொடுத்த அண்ணி என்று நாளைக்குப் பேசுவார்கள். பேசினால்கூடப் பரவாயில்லை, அவளுக்கு ஒன்று என்றால்? மழையை ஒளித்துவைக்கப் போய் அவள் வாழ்க்கையைக் கொண்டுபோய் எமன் கையில் வைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

முதல் வரிசையிலிருந்து விசிறி நின்றது. அந்த அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை.

"ஏகாம்பரம். முடிச்சு போடாத. அப்டியே புடிச்சிக்கினு நில்லு."

அவ்வளவுதான். அவர் அப்படியே நின்றார். இரண்டு கையும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால், கயிற்றின் இரண்டு முனையும் இரண்டு கையில், முதுகு வில் மாதிரி வளைந்து, முகம் அவள் காதுக்குப் பக்கத்தில். கூரை ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு, அடுத்த சொட்டு என்று அவர் பிடரியில் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

சத்திரத்துக் கடிகாரம் எந்தக் காலத்திலோ நின்றுபோனது. எங்கள் வீட்டுக்காரர் ஜிப்பா பையிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்து, ரேடியோவில் மணி சொல்வார்கள், அதை வைத்துச் சரியாகக் கட்டலாம் என்று மணமேடை ஓரத்தில் வைத்து முறுக்கினார். மேளம் இல்லை, பேச்சு இல்லை. தகரத்தில் அப்பளம் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. அப்போது பின்பக்கத்திலிருந்து சமையல்காரர் தலையில் கோணியைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"அம்மா, அடுப்பெல்லாம் நனைஞ்சி அவிஞ்சி போச்சி. அப்பளம் இன்னும் ஒண்ணு கூட பொரிக்கல. இன்னா பண்றது?"

சொல்ல என்னிடம் பொய் மீதி இல்லை. அந்த நிசப்தத்தில் டிரான்சிஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அழகாக, நிறுத்தி நிதானமாக, சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பல இடங்களில் இடியுடன் கூடிய பலத்த மழை பெய்துவருகிறது என்று அறிவித்தது. சத்திரத்தில் இருந்த ஒவ்வொரு காதும் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை அம்மாவின் தோளிலும் ஒரு சொட்டு விழுந்தது. தொட்டுப் பார்த்தார்.

"இதுவும் பன்னீரா சம்மந்தி?"

அந்த நேரத்தில்தான் மணமேடையில் ஒரு சிரிப்புச் சத்தம். பார்த்தால் மாப்பிள்ளை. குனிந்தபடியே தோள் குலுங்கச் சிரிக்கிறார். வசந்தா தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள், தாடை மட்டும் அசைகிறது. பயம் வந்தால் அவளுக்குக் கை அரிசிக்குத்தான் போகும். மடியில் அவ்வளவு கிடந்தால்? என்னவென்று ஐயர் கேட்டார். மாப்பிள்ளை சொன்னது முன்வரிசை வரைக்கும் கேட்டது.

"வாயில இன்னான்னு கேட்டேங்க. அட்சதைன்றாங்க. உங்களுக்கு வேணுமான்னு கேக்கறாங்க."

(அந்தக் காலத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் தாலிக்கு முன்னால் ஒரு சொல் பேசிக்கொண்டது கிடையாது. முதல் பேச்சே இப்படி.)

ரேடியோவில் மணி சொன்னார்கள். ஐயர் கையை உயர்த்தினார். தவுல்காரப் பெரியவர் குச்சியைத் தூக்கினார், தோள் ஏறவில்லை. காலையிலிருந்து எத்தனை இடி. அவர் தட்டிய கெட்டிமேளம் பக்கத்துத் தெருக் கல்யாணத்து மேளம் மாதிரி கேட்டது. எழுந்தவர்களின் கையில் அட்சதை ஒரு மணி இல்லை, வெறும் கையை உதறினார்கள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, அவர் அக்கா வந்து மீதி இரண்டு முடிச்சையும் போட்டாள். சரியாக அப்போது மேலே ஒரு இடி இடித்தது. அதுவரை இடித்ததெல்லாம் ஒத்திகை. தகரமெல்லாம் தடதடக்க, நீளமாக, நின்று, முழங்கி அடங்கியது. பெரியவர் குச்சியை மடியில் வைத்துவிட்டு, மேலே பார்த்துக் கையைக் குவித்தார்.

"எனக்கு பதிலா அவரே வாசிச்சிட்டாரும்மா."

பந்தி பரிமாறும்போது அந்த அம்மா பக்கத்தில் போய் நின்றேன். நான் சொன்னது பொய்தான், அவளைக் குறை சொல்ல வேண்டாம், வளர்த்தது நான், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள் என்றேன். அப்பளம் இல்லாத இலையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"எங் கல்யாணத்துல பொயலே வந்துச்சி. பந்தல் பறந்து பக்கத்து தெருவுல வுழுந்துது."

நான் அவர் இலையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருந்தேன், போதும் என்று கையைக் காட்டிவிட்டு அவரே மேலே சொன்னார்.

"நகத்த பாத்தாலே தெரியாதா எனக்கு? திங்கற பொண்ணுன்னு நீ வாய தொறந்து சொல்லியிருந்தா, நான் ஒரு டப்பாவுல கல்லு பொறுக்குன அரிசிய தனியா வெச்சிருப்பேன். அதுக்குதான் கேட்டேன். மாமியார் ஊட்ல ஒளிஞ்சி தின்னு கல்ல கடிச்சி எனக்கு ரெண்டு பல்லு போச்சி. அந்த பொண்ணுக்காவது பல்லு மிஞ்சட்டும்."

அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். ஒரு வாரம் தும்பி பார்த்தது, ஜமக்காளம் கட்டியது, குடை ஒளித்தது, முந்தானை வீசி வீசித் தோள்பட்டை கழன்றது, எல்லாம் அந்த ஒரு டப்பாவுக்கு எதிராக. அந்த அலுப்பு இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

போகும்போது வேனில் ஏறிய பிறகு, ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். பெயரை மாற்றி வைக்கச் சொன்னேனே, மறந்துவிடவில்லை என்றார். அப்பளம் என்றுதான் வைக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் அது நொறுங்கிவிடும், நீ நொறுங்குகிற ஆள் இல்லை என்றார். வேன் நகரும்போதே உள்ளே இருந்தவர்களிடம் சொல்லிவிட்டார். ஆதம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் நான் கெட்டிமேளம் ஆகிவிட்டேன்.

வசந்தா நன்றாக இருக்கிறாள். டப்பா இருந்தது, சொன்னபடி. டாக்டரிடம் கொண்டுபோய் இரத்தத்துக்கு டானிக் வாங்கிக் கொடுத்ததும் அந்த அம்மாதான். டானிக் வேலை செய்து அரிசி ஆசை போன பிறகும் டப்பாவை மட்டும் அலமாரியிலிருந்து இறக்கவில்லை. எமகண்டமும் ஒன்றும் செய்யவில்லை. மாப்பிள்ளைக்கு இப்போதும் முதுகு பிடித்துக்கொண்டால், எல்லாம் அண்ணி தட்டவைத்த மேளம் என்பார். எங்கள் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் வானிலை அறிக்கை வரும்போது மட்டும் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். என்னை ஒரு பார்வை பார்ப்பார். கூட்டி வைப்பார், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் இடி இடித்தால் குழந்தைகள் பயப்படுவதில்லை. கெட்டிமேளம் என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, கைக்கு அகப்பட்டதை என் தலையில் போடுகிறார்கள். பொரி, பூ, ஒரு தடவை கடலைத் தோல். எழுந்து துடைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை, அப்படியே உட்கார்ந்திருப்பேன். இதுவும் ஒரு மாதிரி ஆசீர்வாதம்தான்.

இது ஆவணி. காலையிலிருந்து அபியின் போன், இன்று மாலை சென்னையில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. எந்த இடம் என்று இப்போதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொடியில் கிடந்த துணியை மதியமே எடுத்துவிட்டேன்.

போதும் அபி, எழுதினது போதும். முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு, எதையாவது நீயாகச் சேர்த்திருக்கிறாயா பார்ப்போம். மேற்கே மின்னுகிறது. கொஞ்சம் சத்தமாகவே படி.